வேலைக்கு நாலு மொழி, பேச ஒரு மொழி

பஹ்ரைனில் பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன இடங்களில் ஒன்று ஈசா டவுன். அன்றைய ஆட்சியாளர் ஈசா பின் சல்மான் அல் கலீஃபா காலத்தில் திட்டமிட்டுக் கட்டி, 1968இல் திறந்து, அவர் பெயரையே சூட்டிய ஊர். இந்தியன் ஸ்கூல், பாகிஸ்தான் உருதுப் பள்ளி, சேக்ரட் ஹார்ட், செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்று பல வளாகங்கள். அந்தப் பக்கத்துக் காலை நேர நெரிசலில் ஒருமுறை சிக்கியவருக்கு ஊரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியன் ஸ்கூல் தொடங்கியது 1950இல். இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். இந்தி, மலையாளம், பிரெஞ்சு ஆகியவற்றோடு தமிழும் அங்கே விருப்பப் பாடம். ஆனால் அந்த விருப்பம் பெரும்பாலும் பிள்ளையுடையது அல்ல. இந்தி எடுத்தால் நாளைக்கு வேலைக்கு உதவும், பிரெஞ்சில் மார்க் அள்ளலாம், தமிழ்தான் வீட்டிலேயே பேசுகிறோமே, அதைத் தனியாகப் படித்து என்ன ஆகப்போகிறது என்பது வளைகுடாத் தமிழ்ப் பெற்றோரின் வழக்கமான கணக்கு. கடன் வாங்கிக் கடல் கடந்து வந்தவர்கள் எதையும் கணக்குப் பார்த்துச் செய்வதில் தவறில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரவு விட்டுப்போகிறது. அதை அறிய அந்தப் பெற்றோர் ஒரு நாளில் எத்தனை மொழிகளில் வாழ்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஹ்ரைனில் வசிப்பவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டினர். தஞ்சாவூரிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்த ஒருவர் சைட்டில் இந்தி பேசுகிறார், மளிகைக் கடையில் மலையாளம் பேசுகிறார், ஆபீஸில் ஆங்கிலத்தைச் சமாளிக்கிறார். அவருடைய வேலை ஒப்பந்தமோ அரபியில் இருக்கிறது. ஒப்பந்தம் அரபியில் எழுதப்பட வேண்டும், வேறு மொழியில் இருந்தால் அரபி வடிவத்தையும் இணைக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். தன் பிழைப்பையே தீர்மானிக்கும் தாளில் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் பலருக்கு இன்னொருவர் உதவி தேவைப்படுகிறது.

இவற்றுக்கு நடுவே ஒரு கலப்பு அரபியும் உண்டு. 'மாஃபி முஷ்கில்' (பிரச்சினை இல்லை), 'சேம் சேம்', 'கலாஸ்' (முடிந்தது) என்று இரண்டு வாரத்தில் யாரும் கற்றுக்கொண்டுவிடலாம். 1990இல் ஜே.ஆர். ஸ்மார்ட் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதிய பிறகு மொழியியலாளர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். எண்ணிவிடக்கூடிய சொற்கள், ஒரே வடிவில் நிற்கும் வினைகள், எல்லா மறுப்புக்கும் ஒரு 'மாஃபி'. செங்கல் இறக்கவும் டாக்ஸிக்கு வழி சொல்லவும் அருமையான கருவி அது. ஆனால் 'நேற்று நீங்கள் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனாலும் உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது' என்று அதில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்!

வெள்ளிக்கிழமை லீவில் அதே மனிதரை அவர் ரூமில் பார்க்க வேண்டும். வாரம் முழுக்கத் தலையாட்டியவர் அங்கே அரசியல் பேசுவார், எதிர்த்துப் பேசுவார், சிரிக்க வைப்பார், மெஸ் சாம்பாரைப் பற்றி அரை மணி நேரம் வசைபாடுவார். சூப்பர்வைசரை நடித்தும் காட்டுவார். சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது என்பதும் ஒரு சௌகரியம்தான். மற்ற மொழிகளில் அவர் ஒரு வேலையாள். தமிழில்தான் அவருக்கு ஒரு கருத்து இருக்கிறது. முந்தைய தலைமுறையில் எழுதத் தயங்கியவர்கள் மனதில் இருப்பதையெல்லாம் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அந்தக் குரல்களைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட வீடுகள் எத்தனையோ.

பஹ்ரைனில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அப்படி ஒரு மொழி இருக்கிறதா? ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறது, ஆனால் ஆச்சியோடு சண்டை போட அந்த ஆங்கிலம் உதவாது. தமிழில் 'பசிக்குது', 'வரமாட்டேன்' என்ற அளவில் பேசுகிறது, ஆனால் கோபத்தையோ காதலையோ அதில் எழுதத் தெரியாது. அந்தப் பிள்ளையிடம் இரண்டு மொழி இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் இரண்டு பாதி மொழிகள்தான் இருக்கின்றன.

முழு மொழி தாய்மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினால், பஹ்ரைனை அறிந்தவர்கள் கவிஞர் இப்ராஹிம் அல் அர்ரய்யத்தின் கதையைச் சொல்லி மடக்கலாம். முத்து வணிகரின் மகனான அவர் 1908இல் பம்பாயில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்து, அங்கேயே வளர்ந்தவர். இளைஞராக பஹ்ரைனுக்கு வந்த பிறகுதான் அரபியை முறையாகக் கற்றார். பிறகு அந்த மொழியிலேயே நாட்டின் தலைசிறந்த கவிஞர்களில் ஒருவரானார், உமர் கய்யாமை அரபிக்குக் கொண்டுவந்தார், 1972இல் அரசியல் நிர்ணய சபைக்கும் தலைமை ஏற்றார். தலைநகர் மனாமாவில் அவர் வாழ்ந்த வீடு இன்று கவிதை இல்லம். ஆக, கற்ற மொழியிலும் ஒருவர் தன்னைக் கண்டடையலாம். ஆனால் அவர் மார்க்குக்காக அரபி படித்தவரல்ல. அந்த மொழிக்குள் முழுசாகக் குடியேறியவர்.

இன்னொரு கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1992இலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் பஹ்ரைனில் வேலை பார்த்த பென்யாமின், அங்கிருந்தபடியே மலையாளத்தில் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவல் 2008இல் வந்தது. சவூதி பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் சிக்கிய ஒரு தொழிலாளியின் கதை. கேரள சாகித்திய அகாதமி விருது, பல மொழிபெயர்ப்புகள், 2024இல் சினிமா. அவருடைய இன்னொரு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குத்தான் 2018இல் முதல் ஜேசிபி இலக்கியப் பரிசு. அவருக்குப் பின்னால் 1947இல் தொடங்கிய பஹ்ரைன் கேரளீய சமாஜம் போன்ற அமைப்புகளும், படித்துவிட்டுச் சண்டைக்கு வரும் ஒரு வாசகர் கூட்டமும் இருந்தன.

தமிழில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. துபாயில் வேலை பார்த்த நாகூர் ஆபிதீனின் கதைகள் இருக்கின்றன, மீரான் மைதீனின் 'அஜ்னபி' இருக்கிறது. ஆனால் அரை நூற்றாண்டாக லட்சக்கணக்கான தமிழர்கள் போய்வந்த நிலத்துக்கு இது போதாது. அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறை தமிழில் எழுதிய வளைகுடா இன்னும் வரவே இல்லை.

அது வருவதற்கு விதை போட வேண்டிய இடங்களில் ஒன்று ஈசா டவுன் வகுப்பறை. வினா விடையை மனப்பாடம் செய்து கக்கும் தமிழ் மார்க் தரும், வாய் தராது. ஆகஸ்ட் வெயில், புழுதிக்காற்று, அப்பாவின் நைட் டூட்டி, சவூதிக்கு நீளும் கடற்பாலம், ஊருக்குப் போனால் 'ஃபாரின் பிள்ளை' என்று ஒதுக்கும் பெரியப்பா மக்கள் என்று எழுத அந்தப் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. அதைக் கேட்கும் தேர்வுத்தாளும் இல்லை, மேடையும் இல்லை. தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்குப் பட்டிமன்றப் பேச்சாளரைச் சென்னையிலிருந்து விமானத்தில் வரவழைக்கின்றன. பிள்ளைகளுக்குக் கிடைப்பது திருக்குறள் ஒப்புவித்தலும் மாறுவேடமும்.

அதே விழாவில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எழுதியதை, அப்பா அம்மாவைக் கிண்டல் செய்து எழுதியதையும் சேர்த்து, மேடையில் படிக்கட்டும். ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். ஒற்றுப் பிழைகளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.