மன்றப் பீரியட் யாருக்குச் சொந்தம்? அரசுப் பள்ளி மன்றங்களின் ஓராண்டுக் கணக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அரசுப் பள்ளிகளில் ஒரு பட்டியல் தயாராகும். இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் இயக்கம் என்று வரிசையாகப் பெயர்கள். பக்கத்திலேயே பொறுப்பாசிரியர் பெயரும் இருக்கும். அடுத்த ஏப்ரல் வரை அந்தப் பட்டியலுக்கு என்ன ஆகிறது? இதோ ஒரு பார்வை.

என்னென்ன மாறியிருக்கிறது?

மன்றங்கள் பழையவைதான். ஆனால் 2022-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு இதில் கூடுதல் கவனம் செலுத்தி வருகிறது. அந்த ஆண்டுதான் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடப்பட்டன. சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தை மாணவர்கள் வகுப்பறையிலேயே பார்த்தார்கள். 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிப்பவர்கள் அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்பதற்கான திட்டம் இது. கலைத் திருவிழாவும் அதே கல்வியாண்டில் வந்ததுதான். மாநில அளவில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம்.

2024-ல் 'மகிழ் முற்றம்' வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாக மாணவர்கள் பிரிக்கப்பட்டார்கள்.

கையில் எத்தனை மாதம்?

கல்வியாண்டு என்னவோ பத்து மாதம். ஜூன், ஜூலை மன்றம் அமைப்பதிலேயே போய்விடும். ஆகஸ்டில் சுதந்திர தின நிகழ்ச்சி. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் குடியரசு தினம். பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆக, மன்றம் நிம்மதியாக நடக்கக் கிடைப்பது நாலைந்து மாதம்தான்.

அப்போ சிக்கல் எங்கே?

அந்த நாலைந்து மாதத்திலும் பாடம் முடியவில்லை என்றால், முதலில் கடன் கேட்கப்படுவது விளையாட்டுப் பீரியடும் மன்றப் பீரியடும்தான். கேட்கும் ஆசிரியரையும் குறை சொல்லிவிட முடியாது. தேர்ச்சி விகிதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மன்றம் நடக்கவில்லை என்றால் அப்படி யாரும் கேட்பதில்லை.

சரி, பள்ளி விட்ட பிறகு நடத்தலாமே? டவுன் பள்ளியில் ஓரளவு முடியும். கிராமத்தில் சாயங்கால அரசு பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சனி, ஞாயிறில் பாட்டு, கராத்தே, ரோபோட்டிக்ஸ் என்று கட்டண வகுப்புகள் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு இந்த ஒரு பீரியடை விட்டால் வேறு வழி இல்லை.

போட்டி இருந்தால் போதாதா?

போதாது. போட்டி என்றதும் நன்றாகப் பேசும் அதே மூன்று பேரின் பெயர்தான் ஆசிரியருக்கு முதலில் ஞாபகம் வரும். மேடையேறவே கூச்சப்படும் பிள்ளைக்குப் போட்டி அல்ல, மன்றம்தான் தேவை. அங்கே திக்கித் திணறிப் பேசினாலும் தோற்க வேண்டியதில்லை. கலைத் திருவிழாவில் பட்டம் வாங்கியவர்களை எண்ணிவிடலாம். மன்றத்தில் முதல்முறையாக வாய் திறந்தவர்களை யாரும் எண்ணுவதில்லை.

மதிப்பெண்ணுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. பிளஸ் 2-வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு. அதில் 2 மதிப்பெண் கல்வி இணைச் செயல்பாடுகளுக்கானது. ஆனால் மன்றமே நடக்காத பள்ளியில் அந்த 2 மதிப்பெண்ணை எதை வைத்துப் போடுவது?

பெற்றோர் என்ன செய்யலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கூட்டங்களில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிக் கேட்பது அவசியம். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: இந்த மாதம் எத்தனை மன்றப் பீரியட் நடந்தது, அதில் எத்தனை பிள்ளைகள் பேசினார்கள்?

இதற்குப் புதுத் திட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் பீரியட், அந்தப் பிள்ளைகளுக்கே கிடைத்தால் போதும்.