மூச்சுத் திணறலா? காலையும் பாருங்கள்!

காலில் பிறந்து நெஞ்சில் போய்க் கொல்லும் எமன் ஒன்று உண்டு. அதுதான் நுரையீரல் ரத்தக் கட்டி!

ஆபரேஷன் ஆகிப் படுத்திருப்பவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள், கால் எலும்பு முறிந்தவர்கள்... இவர்களில் சிலருக்குக் கால் ரத்தக் குழாயில் ரத்தம் தயிர்போல் உறைந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கும், வலிக்கும்.

அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு ரத்தத்தோடு ஓடும். இருதயத்தைத் தாண்டி நுரையீரல் குழாயை அடைக்கும். திடீர் என்று மூச்சுத் திணறும். நெஞ்சு வலிக்கும். சிலர் மயங்கி விழுவார்கள்.

கத்தியும் ஊசியும்

முன்பு கத்தி ஒன்றுதான் வழி. 1908-ல் ஜெர்மன் டாக்டர் டிரெண்டலென்பர்க், மார்பைப் பிளந்து கட்டியை எடுத்துப் பார்த்தார். நோயாளி பிழைக்கவில்லை. 1924-ல்தான் டாக்டர் கிர்ஷ்னர் ஒரு நோயாளியைப் பிழைக்க வைத்தார்.

பிறகு ஊசி வந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர டாக்டர்கள் பாரிட், ஜோர்டன் இருவரும் நடத்திய சோதனை 1960-ல் வெளிவந்தது. மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் இந்தக் கட்டியால் மாண்டார்கள். ஹெப்பாரின் ஊசியும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் பெற்ற 16 பேரில் ஒருவர்கூடக் கட்டியால் சாகவில்லை! அதற்குமேல் யாருக்கும் மருந்து தராமல் இருக்க டாக்டர்களுக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

இன்று, சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேன் எடுக்கும் முன்பே ஊசி போடுகிறார்கள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் அதில் உண்டு. ஆகவே டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார்.

வாயு அல்ல!

மருந்து இருக்கிறது. ஆனால் நோயாளி போய்ச் சேர வேண்டாமா? "வாயுப் பிடிப்பு" என்று சோடா கொடுப்பதும், வீங்கிய காலைத் தைலம் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. பாசத்தால் செய்வதுதான், ஆனால் பொன்னான நேரம் அதில் போய்விடுகிறது. தேய்த்தால் கட்டி பெயர்ந்துவிடவும் கூடும்.

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "பத்து நாளுக்கு முன் ஆபரேஷன் நடந்தது, இடது கால் வீங்கியிருந்தது" என்பதுபோல், நடந்ததை நீங்களே முதலில் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவருக்குத்தான் அது தெரியும்!