எடை இறங்காமல் நிற்கிறதா? பட்டினி வேண்டாம்!

''எனக்கு 48 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அரிசியைக் குறைத்து கம்பு, வரகு என்று மாறியதில், 4 மாதங்களில் 78 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு வந்தேன். ஒன்றரை மாதமாக எடை அப்படியே நிற்கிறது. இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிடலாமா?''

- வாசகி, ஒட்டன்சத்திரம்.

''நிறுத்த வேண்டாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒருவேளை உணவைத் தானாக விட்டால், ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். சில மாத்திரைகளில் இந்த ஆபத்து அதிகம். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். 7 கிலோ குறைந்திருக்கும் நிலையில், மாத்திரை அளவையே மாற்ற வேண்டியிருக்கலாம். முதல் வேலையாக மருத்துவரைப் பாருங்கள்.

இனி, எடை ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். மாட்டுக்குத் தீவனத்தை அதன் உடல் எடையை வைத்துத்தானே கணக்கிடுகிறோம்? மனித உடலும் அப்படித்தான். 78 கிலோ உடலை நடத்தத் தேவைப்பட்ட சக்தி, 71 கிலோ உடலுக்குத் தேவையில்லை. அன்று எடையைக் குறைத்த அதே சாப்பாடு, இன்று எடையைத் தக்கவைக்கும் சாப்பாடாகிவிட்டது. தொடக்கத்தில் எடை வேகமாக இறங்கியதற்கு, உடலில் இருந்த நீர் வெளியேறியதும் ஒரு காரணம்.

அடுத்து, சிறுதானியம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது. கம்பிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கேழ்வரகில் சற்றுக் குறைவு. சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும். ஆனால், 'சிறுதானியம்தானே' என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால், எடை குறையாது.

ஒரு வாரத்துக்குச் சாப்பிடுவதை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். தாளிக்கும் எண்ணெய், டீயில் போடும் சர்க்கரை, வேலைக்கு நடுவே கொறிக்கும் கடலை எதையும் விடாதீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரியும், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் சுமார் 160 கலோரியும் இருக்கின்றன. அறுவடை முடிந்து வயல் வேலை குறைந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வேலை குறைந்த மாதங்களில் சாப்பாடும் சற்றுக் குறைய வேண்டும். தினமும் அரைமணி நேரம் கைவீசி நடக்க வேண்டும்.

தட்டில் பாதி காய்கறி, கீரை இருக்கட்டும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று புரதம். மீதி கால் பங்கில் சோறோ, களியோ. புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தினமும் எடை பார்க்காதீர்கள். உப்பு, தண்ணீரைப் பொறுத்து ஒரு கிலோ ஏறி இறங்குவது சகஜம். வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பையும் அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ-க்குள் இருப்பது நல்லது. எடை நின்றாலும் இடுப்பு குறைந்தால், முன்னேற்றம்தான். ஒரு மாதம் இப்படி இருந்தும் இரண்டும் அசையவில்லை என்றால், தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உடல் எடையில் 5 சதவிகிதம் குறைந்தாலே சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும். நீங்கள் ஏறக்குறைய 9 சதவிகிதம் குறைத்துவிட்டீர்கள். அதைப் பட்டினியால் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.''