பந்தியில் தமிழுக்கு இலை இல்லையா?

செட்டிநாட்டுப் பெருவீடுகள் மீண்டும் அடுப்பேற்றத் தொடங்கியுள்ளன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் அவ்வீடுகள், ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தவை. திருமணத்திற்கும் படைப்பிற்கும் பங்காளிகள் வந்தாலன்றித் திறவாதவை. அவற்றுட் சில இன்று விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. காரைக்குடியில் ஒரு குடும்பத்தாரின் மனமகிழ் மன்றமாக விளங்கிய 'பங்களா' 1999இல் விடுதியாகி, தன் வாழையிலை உணவால் வெளிநாட்டினரிடையிலும் பெயர் பெற்றது. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் கொத்தமங்கலத்திலும் பழைய வீடுகள் அவ்வாறே திறந்தன. கொத்தமங்கலத்தில் அதனைச் செய்தவர்கள் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர். பூட்டிய கதவு திறந்தது நன்று. இடிந்து விழவிருந்த சுவர் நிலைத்தது நன்று. அடுப்படியில் நிற்கும் ஏழையர் சிலர்க்குப் பிழைப்புக் கிடைத்தது அதனினும் நன்று.

இவ்விடுதிகளின் வழியில் இன்று மற்றொரு வழக்கமும் பெருநகரங்களில் பரவி வருகின்றது. இல்லத்தார் தம் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிருவர்க்கு இடமொதுக்கி, முன்பின் அறியாதாரை முன்பதிவின் வழி அழைத்து, ஒரே இரவில் பல நாட்டு உணவையும் படைத்து விலை பெறுகின்றனர். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சப்பர் கிளப்'. வீடு தமிழன் வீடு. அடுப்புத் தமிழன் அடுப்பு. உண்போருள்ளும் பெரும்பாலார் தமிழர். பெயர் மட்டும் ஆங்கிலன் பெயர்!

இதனைக் கண்டு தமிழுணர்வுடையார் சிலர், 'தமிழ் மண்ணில் வேற்று நாட்டு உணவுக்கு என்ன வேலை?' என்று சினப்பர். அச்சினம் வழிதவறிய சினம். விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பொருள். தொல்காப்பியம் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டு, நூல் வனப்பு எட்டனுள் ஒன்றற்குப் பெயராக வைத்தது. விருந்தினர் என்பார் புதியராய் வந்தார். திருக்குறளோ விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தது. புதியதைக் கண்டு கதவடைத்தல் தமிழன் இயல்பன்று.

அயலதெல்லாம் விலக்கத் தக்கதெனின், செட்டிநாட்டு அடுப்படியில் எஞ்சுவது யாது? மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டளவில் போர்ச்சுக்கீசியர் கலங்களில் இந்நாட்டுக்கு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அக்கண்டத்தனவே. குழம்பிற்கு மணமூட்டும் அன்னாசிப்பூ, தென்சீனத்திலும் வியட்நாமிலும் விளையும் மரத்தது. திருமணப் பந்தியில் தேங்காயும் இனிப்பும் கலந்து படைக்கப்படும் கவுனியரிசியோ, நகரத்தாரின் பருமா வணிகத்தொடு வந்த கருநிறப் பசையரிசி. பருமா, மலேயா, இலங்கை, சைகோன் எனக் கடல்கடந்து கொண்டுவிற்ற அம்மக்கள், தேக்கைக் கொணர்ந்து தூண் நிறுத்தினர். சுவையைக் கொணர்ந்து இலை நிறைத்தனர். 1942இல் சப்பானியப் படை பருமாவிற் புகுந்தபோது இலக்கக்கணக்கான இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவருள் தமிழர் பலர் கால்நடையாகவே மலை கடந்தனர். ஈட்டிய பொருள் அங்கேயே அழிந்தது. நாவில் ஏறிய சுவை மட்டும் அழியாது உடன்வந்தது. ஆகவே பல நாட்டு உணவும் ஒரு பந்தியில் அமைதல் செட்டிநாட்டிற்குப் புதிதன்று. அதனைப் 'புதுமை' என்று விளம்பரம் செய்வோர்தாம் தம் பாட்டிமாரின் வரலாற்றை அறியாதவர்.

பின்னர்க் குற்றம் எங்கே உள்ளது? முன்னோர் வந்த பொருளுக்கெல்லாம் பெயரிட்டனர். இன்றுள்ளோர் உள்ள பொருளின் பெயரையும் இழக்கின்றனர். குற்றம் அங்கே உள்ளது.

மிளகாய் என்னும் சொல்லை எண்ணிப் பார்க்க. காணாத காய் ஒன்று கரைக்கு வந்தது. தமிழ் உழவன் அதனைக் கடித்தான், உறைத்தது. மிளகுபோல் உறைக்கும் காய் என்றான், மிளகாய் ஆயிற்று. தக்காளி வந்தபோது, இம்மண்ணில் முன்பே இருந்த சிறுகனிச் செடியின் பெயரை அதற்குச் சூட்டினான். மணத்தக்காளி என்னும் பெயர் அப்பழமைக்கு இன்றும் சான்று. உருண்டு திரண்ட கிழங்கு உருளைக்கிழங்கு ஆயிற்று. கல்லில் படர்ந்தது கல்பாசி ஆயிற்று. மாவைச் சீப்பின்மேல் அழுத்திச் சுருட்டியது சீப்புச்சீடை ஆயிற்று. இரங்கூன் புட்டு என்று ஓர் இனிப்பு உண்டு. அதில் இரங்கூன் அடைமொழியாக நிற்க, புட்டு என்னும் தமிழ்ப்பெயரே தலைமை தாங்குகின்றது. வந்த ஊரை மறைக்கவுமில்லை. தன் மொழியை விடவுமில்லை. அன்னாசிப்பூ, கவுனி என்னும் பெயர்களில் அயற்சொல் ஒட்டியிருப்பது உண்மையே. கவுனி என்பது பருமியச் சொல்லின் திரிபென்பர். ஆயினும் அவையும் தமிழோசைக்கு அடங்கி, தமிழ்ச் சொற்களொடு கூடியே வாழ்கின்றன. பெயரறியாத ஒருவரை எவரும் பந்தியில் அமர்த்துவதில்லை. விருந்தோம்பலின் முதற்படி பெயரிட்டு அழைத்தலே.

இனி, இன்றைய இல்லவிருந்துகளில் விருந்தினர் கையிற் கொடுக்கும் உணவுப்பட்டியைப் பார்க்க. இத்தாலியரின் 'பாசுதா' அதில் பாசுதாவாகவே நிற்கின்றது. சப்பானியரின் 'சுசி' சுசியாகவே நிற்கின்றது. மெக்சிகோ மக்களின் 'தாக்கோ'வை எவரும் பெயர் மாற்றத் துணிவதில்லை. ஆனால் குழிப்பணியாரம் 'டம்ப்ளிங்' ஆகின்றது. மிளகுசாறு 'பெப்பர் சூப்' ஆகின்றது. பால்பணியாரம் 'டெசர்ட்' என்னும் தலைப்பின்கீழ் அடையாளமின்றி ஒடுங்குகின்றது. பல பண்பாட்டு விருந்தென்று பறைசாற்றும் பந்தியில், ஒவ்வொரு நாட்டு உணவும் தன் பெயரோடு தலைநிமிர்ந்து அமர்கின்றது. விருந்திடும் வீட்டாரின் உணவு மட்டுமே பெயரிழந்து நிற்கின்றது! இஃது எந்த நாட்டு விருந்தோம்பல்?

மணிமேகலையிலேயே ஆளப்பட்ட சொல் கும்மாயம். நெடும்பழமை வாய்ந்த அச்சொல்லைச் செட்டிநாட்டு ஆச்சிமார் ஆடி மாதந்தோறும் அடுப்பில் வைத்துக் காத்துவந்தனர். புலவர் ஏட்டிற் காத்ததைப் பெண்டிர் உருளியிற் காத்தனர். அச்சொல்லின் இடத்தில் 'ஸ்வீட்' என்று எழுதுவோர் ஓர் இனிப்பின் பெயரை மட்டுமா அழிக்கின்றனர்? உ.வே.சா. தேடி எடுத்துப் பதிப்பித்த ஒரு காப்பியத்தின் சொல்லையே, அஃது இன்னும் உயிரோடு உலவும் ஓரிடத்திலிருந்து வெளியேற்றுகின்றனர்.

மற்றொரு கொடுமையும் உண்டு. விடியலில் எழுந்து, அம்மியில் அரைத்து, புகையில் நின்று அவ்வுணவை ஆக்கியவர் அவ்வூர்ப் பெண்ணொருத்தியோ ஆடவனோ ஆவர். அவர் கையால் ஆன உணவின் பெயரை அவரே படிக்க இயலாத மொழியில் அச்சிட்டு, அவர் முன்னாலேயே விருந்தினர்க்கு நீட்டுகின்றனர். 'இதனை எவ்வாறு செய்தீர்?' என்று விருந்தினர் கேட்கும்பொழுது விடையிறுப்பவர் ஆங்கிலம் அறிந்த வீட்டுத்தலைவரே. ஆக்கியவர் கதவருகே நிற்கின்றார். மொழியை ஒதுக்குவது உழைப்பவரையும் ஒதுக்குவதாகவே முடியும். தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால், அவரும் அந்தப் பட்டியைக் கையில் வாங்கி, 'இது நான் செய்தது' என்று சுட்டிக்காட்டியிருப்பார்.

ஆங்கிலரேனும் இவ்வாறு செய்தனரா? அவர்கள் இம்மண்ணிற்கு வந்து உண்டபொழுது, மிளகுதண்ணீர் என்னும் பெயரையே தம் நாவிற்கேற்ப 'மல்லிகடானி' என்று திரித்துக்கொண்டு தாய்நாடு சென்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சொல் ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. கறி என்னும் தமிழ்ச்சொல் அவர்கள் வழியாக உலகெங்கும் சென்றது. ஆள வந்தவன் தமிழ்ப்பெயரைச் சுமந்து சென்றான். ஆளப்பட்டவன் பெயரனோ மிளகுசாற்றைப் 'பெப்பர் சூப்' என்று அவனுக்கே திருப்பிக் கொடுக்கின்றான்! ஆட்சி 1947இல் அகன்றது. அடிமை மனப்பான்மை உணவுப்பட்டியில் உட்கார்ந்திருக்கின்றது.

வீட்டில் விலைக்கு விருந்திடும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. கியூபா நாட்டில் 1990களில் இல்லந்தோறும் இத்தகைய உணவகங்கள் தோன்றின. அவற்றை அம்மக்கள் 'பலதார்' என்றனர். மேலண்ணம், சுவையுணர்வு என்பன அதன் பொருள். பிரேசில் நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த உணவகத்தின் பெயரை எடுத்துக்கொண்டனராயினும், அது தம் தாய்மொழியிலும் வழங்கும் சொல்லாதலின் தயங்காது ஏற்றனர். ஆங்காங்குச் சீனர், நூற்றைம்பது ஆண்டு ஆங்கில ஆட்சியின்கீழ் இருந்தும், தனிமனை உணவு என்று பொருள்படும் சீனச் சொல்லாலேயே தம் இல்லவிருந்தைக் குறிக்கின்றனர். அங்கும் வெளிநாட்டார் சென்று உண்கின்றனர். பெயர் விளங்கவில்லை என்று எவரும் பசியோடு திரும்பியதில்லை.

'தமிழ்ப் பெயர் வெளிநாட்டார்க்கு விளங்காதே' என்பாரின் கூற்று இதனால் வீழ்ந்தது. சுசி என்னும் சொல் காரைக்குடியில் விளங்குமெனின், பணியாரம் என்னும் சொல் பாரிசில் விளங்காதோ? விளக்கம் வேண்டுமெனின், தமிழ்ப்பெயரின் கீழே எம்மொழியிலும் விளக்கம் எழுதுக, தடுப்பார் யார்? விளக்கம் வேறு; பெயர் வேறு. விருந்தினர்க்கு விளக்கம் கொடுத்தல் பண்பு. அவர் பொருட்டுத் தன் பெயரையே மாற்றிக்கொள்ளல் பணிவன்று, இழிவு.

'அயல் உணவுகளுக்குத் தனித்தமிழ்ப் பெயரிட்டால் செயற்கையாக இருக்குமே' என்பார் வேறு சிலர். மிளகாயும் ஒருநாள் புதுச்சொல்லே. தேநீர் என்றபோது நகைத்தவர் உண்டு. இன்று தெருமுனைக் கடையிலும் அச்சொல் எழுதப்பட்டுள்ளது. பேருந்து என்றபோது எள்ளியவர் உண்டு. இன்று அச்சொல் இல்லாத ஊர்தி நிலையம் இல்லை. ஈழத்தமிழர் 'பேக்கரி'யை வெதுப்பகம் என்று பலகையில் எழுதினர். வெதுப்பகத்து ரொட்டி அதனால் கசந்துவிடவில்லை. பனிக்கூழ், அணிச்சல், மாச்சில் முதலிய சொற்கள் ஆளுவாரின்றிக் காத்திருக்கின்றன. சொல் வழக்கில் வந்தபின் இயற்கையாகும். வழங்காமலேயே செயற்கை என்று தள்ளுவது, நீரில் இறங்காமலே நீந்த இயலாது என்பதை ஒக்கும்.

இதனைச் சிறு செய்தியென்று எண்ணற்க. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற் சென்று பார்க்க. பெருவீடுகளிலிருந்து வெளியேறிய வெண்கலப் பானைகளும், மேலைநாட்டு மெருகுப்பூச்சுக் கிண்ணங்களும், மரக்கதவுகளும் பழம்பொருட் கடைகளில் விலைக்கு அடுக்கப்பட்டுள்ளன. கலம் போயினும் வேறு கலம் வார்க்கலாம். சொல் போயின் எக்கடையில் வாங்குவது? மண்டி என்றால் அரிசி கழுவிய நீரிற் புளிகரைத்து ஆக்குவது என்றும், உக்காரை வேறு கும்மாயம் வேறு என்றும் அறிந்த ஆச்சிமார் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்தம் பெயர்த்திகள் ஆங்கிலப் பள்ளியிற் பயில்கின்றனர். பெயர் மறையின் அளவு மறையும். அளவு மறையின் பக்குவம் மறையும். பின்னர் எஞ்சுவது 'செட்டிநாடு' என்னும் விளம்பரப் பலகையும் அளவுக்கு மீறிய உறைப்பும் மட்டுமே. அந்தப் பங்களாவின் உணவுமுறையை விரித்துரைக்கும் நூல் 2014இல் வெளிவந்தது, நல்ல நூலே, ஆனால் ஆங்கில நூல். அத்தகைய நூல்கள் தமிழில் வீட்டுக்கொன்றாய் எழுதப்பட வேண்டாமா?

காரைக்குடி ஏனைய ஊர்களைப் போன்றதன்று. தமிழ்த்தாய்க்குக் கோயில் எடுத்த ஊர் அது. கம்பனுக்குக் கழகம் கண்ட ஊர் அது. மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார் வாழ்ந்த ஊரும் அதுவே. அவர் இளமையிற் பருமா சென்று வட்டிக்கடையொன்றிற் பணியாற்றினார். முதலாளிக்காக ஒரு பொய்யுரைக்க மறுத்து வேலையிழந்து மீண்டார். பின்னர் அழகப்பர் கல்லூரியில் தமிழ் பயிற்றி, மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமாகி, தமிழ்வழிக் கல்விக்கு இயக்கம் கண்டார். பணியாரத்தை 'டம்ப்ளிங்' என்பதும் ஒரு பொய்யே. பிழைப்புக்காகச் சொல்லும் பொய்யே. அதனைச் சொல்ல மறுப்பதற்கு அவ்வூர்க்கு ஒரு முன்மாதிரி உண்டு.

இல்லவிருந்து நடத்துவோர் செய்யத்தக்கன மிகச் சிலவே. 'சப்பர் கிளப்' என்பதை விடுத்து இல்லவிருந்து என்று பலகை எழுதுக. உணவுப்பட்டியில் முதல்வரியைத் தமிழில் எழுதுக. ஆக்கியவர் விரும்பின் அவர் பெயரையும் அதன்கீழ் எழுதுக. வீட்டில் உள்ள முதியவரை அமரவைத்து, அவர் அறிந்த உணவுப் பெயர்களையெல்லாம் ஒரு சுவடியில் எழுதி வாங்குக. பாசுதாவும் சுசியும் தாக்கோவும் தாராளமாக வருக. வந்தவற்றுள் எது நிலைத்துத் தங்குகின்றதோ, அதற்கு மிளகாய்க்கு இட்டதுபோல் ஒரு பெயரிடுக. இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவது முதுகெலும்பு ஒன்றே.

பந்தியில் தமிழுக்கு ஓர் இலை வேண்டுமென்று கேட்பதும் ஒருவகையிற் பிழையே. இலைக்குக் காத்திருத்தல் விருந்தினர் நிலை. தமிழ் அவ்வீட்டிற்கு வந்த விருந்தினள் அல்லள், அவ்வீட்டுத் தலைவி. எல்லார்க்கும் இலையிட்டு, எல்லாரையும் பெயர்சொல்லி அழைத்துப் பரிமாற வேண்டியவள் அவள். அவள் கை அகப்பையை அவளிடமே கொடுத்துவிடுக!