கேஸை மட்டும் மாத்தினா போதாதுங்க

எங்க வீட்டில் 1994 மாடல் அம்பாசிடர் ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மாசம் ஒருமுறை மீஞ்சூர் பக்கமிருந்து மணலி வழியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். டேங்கர் லாரி புழுதியும் ஆலை நெடியும் அடிக்கிற ரோட்டில் கண்ணாடியை இறக்க முடியாது. அதனால ஏசி எங்களுக்குச் சொகுசு இல்லைங்க.

அதில் இருந்தது ஆர்-12 கேஸ். ஓசோன் படலத்தை அரிக்குதுன்னு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக நிறுத்தினார்கள். நம்ம நாட்டிலும் 2010 முதல் ஏசிக்காக அதைத் தயாரிப்பதில்லை. பதிலுக்கு ஆர்-134ஏ. "இந்த கேஸை அடிச்சா போதும் சார்" என்ற மெக்கானிக்கை நம்பினேன். நாலே மாசத்தில் கம்ப்ரஸர் இறுகிப் போச்சு.

காரணம் ஆயில். பழைய மினரல் ஆயில் 134ஏ-யோடு கலக்காது. கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. எஸ்டர் ஆயில் ஊற்றி, டிரையர், ஓ-ரிங் எல்லாம் மாற்றி, வாக்குவம் போட்டு, பழைய அளவில் 80–90 சதவீதம்தான் கேஸ் ஏற்றணும்.

என் கருத்து இதுதான்: செலவுக்குப் பயந்து பாதி வேலை செய்யாதீங்க. சமையல் கேஸ் அடிக்கிறேன் என்பவரிடம் வண்டியையே விடாதீங்க; கசிந்தால் தீப்பிடிக்கும். மிச்சமிருக்கிற ஆர்-12-ஐக் காற்றில் திறந்து விடாமல், மெஷின் வைத்துப் பிடிக்கிற பட்டறையாகப் பாருங்க. கரியமில வாயுவைவிட அது 10,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். பருவம் தப்பினால் முதலில் அடிபடுறது நம்ம வயல்தானே?