மழையில் கூடுவோர்

தைவானின் திறந்தவெளி இசை விழாக்களை மழையிலிருந்து பிரித்துப் பேசுவது கடினம். மே மாத நடுவிலிருந்து ஜூன் வரை, சீனப் பெருநிலத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும் தென்கடலிலிருந்து ஏறிவரும் ஈரக் காற்றும் தீவின் மேல் ஒன்றையொன்று எதிர்கொண்டு நகராமல் நின்றுவிடுவதால், நாள்கணக்கில் ஓயாத மழை பெய்கிறது. பிளம் பழுக்கும் பருவத்தில் வருவதால் அதற்குப் பிளம் மழை என்று பெயர். அது அடங்கியதும் புயல்காலம் தொடங்கிவிடுகிறது. மாணவர்களுக்குக் கோடை விடுமுறை வாய்க்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களும் அந்தப் புயல்காலத்துக்குள்ளேயே அடங்குவதால், மேடை கட்டுவோர் வானத்தோடு சூதாடித்தான் தேதி குறிக்க வேண்டியிருக்கிறது. குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு மேடை மறையும் என்பதால், தெருமுனைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்புக் காலோடு சேற்றில் நிற்பதே வழக்கம். சுமார் 2.3 கோடிப் பேர் வாழும் நாட்டில் 1.4 கோடி அளவில் ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடுகின்றன என்பதை நினைத்தால், மழைச்சட்டை அவர்களுக்கு விழாக்கால உடையன்று, அன்றாட உடை என்பது விளங்கும்.

இப்படிச் சேற்றில் நின்று இசை கேட்கும் இளைஞர்களைத் தைவானின் மூத்த தலைமுறை 'ஸ்ட்ராபெரி தலைமுறை' என்று ஏளனம் செய்தது உண்டு. லேசாக அழுத்தினாலே நசுங்கிவிடுவோர் என்பது அதன் உட்பொருள். சொற்ப ஊதியத்தையும் எட்டாத வீட்டு விலையையும் மறக்க இசையில் தஞ்சம் புகுகிறார்கள் என்று சற்றுப் பரிவோடு சொல்வோரும் இருக்கிறார்கள். ஏளனம், பரிவு இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன: அந்தக் கூட்டம் எதைக் கேட்கிறது என்பதை மட்டும் பார்க்கின்றன, அது கூடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

1949 மே முதல் 1987 ஜூலை வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், தைவான் இராணுவச் சட்டத்தின் கீழ் இருந்தது. கட்சி தொடங்குதல், ஊர்வலம் போதல், வேலைநிறுத்தம் செய்தல் ஆகியவை அக்காலத்தில் குற்றங்கள். பாடல்கள் தணிக்கைக்கு உட்பட்டன. பெரும்பான்மையோரின் வீட்டு மொழியான ஹொக்லோ பள்ளியில் தண்டனைக்குரியதாக இருந்தது, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதற்குரிய நேரத்தை 1976இன் ஒலிபரப்புச் சட்டம் மேலும் குறுக்கியது. அதே 1976 டிசம்பரில், தம்காங் கல்லூரி மேடை ஒன்றில் லீ ஷுவாங்ட்சே என்னும் இளைஞர் கோகோ கோலா பாட்டிலோடு ஏறி, ஆங்கிலப் பாடல்களையே பாடிக்கொண்டிருந்தவர்களிடம் நம்முடைய பாடல்கள் எங்கே என்று கேட்டார். மறு ஆண்டே, கடலில் தத்தளித்த ஒருவரைக் காப்பாற்றப் போய் அவர் உயிரிழந்தார்.

இராணுவச் சட்டம் நீங்கியபின் வளர்ந்த முதல் தலைமுறைக்குக் கிடைத்த அரிய பொருள், காரணம் சொல்லாமல் கூடும் வாய்ப்பு. தென்முனையான கெந்திங் கடற்கரையில் இரண்டு அமெரிக்கர்கள் 'ஸ்பிரிங் ஸ்க்ரீம்' விழாவைத் தொடங்கியது 1995இல். தாய்பெயில் 'ஃபார்மோஸ்' விழா முளைத்ததும் அதே ஆண்டில். பிற்காலத்தில் அரங்குகளை நிறைத்த மேடே இசைக்குழு அந்தப் பெயரோடு முதன்முதலில் மேடையேறியது 1997இன் ஃபார்மோஸ் விழாவில். அவ்விழாவைப் பல ஆண்டுகள் நடத்திய ஃப்ரெடி லிம், முரட்டு மெட்டல் இசையில் தைவானின் தொன்மங்களையும் வரலாற்றையும் பாடும் 'தோனிக்' குழுவின் பாடகர். 2016இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். முகத்தில் சாயம் பூசிக் கர்ஜித்தவர் சட்டமியற்றும் அவைக்குப் போனது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அனுமதி வாங்குவதும் காவல் துறையோடு பேசுவதும் கூட்டத்தை ஒழுங்காகக் கலைப்பதும் அவருக்கு விழாத் திடலிலேயே பழகியவை.

2014 மார்ச் 18 அன்று, சீனாவுடனான சேவை வணிக ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஏப்ரல் 10 வரை அதைத் தம் வசம் வைத்திருந்த சூரியகாந்தி இயக்கத்தில், உணவு, மருத்துவம், குப்பை பிரித்தல், ஒலிபெருக்கி என வேலைகள் பங்கிடப்பட்ட விதத்தைப் பார்த்தால், இந்தத் திடல்களின் பழக்கம் அங்கே கைகொடுத்தது என்று கருத இடமுண்டு. இயக்கத்துக்காக 'ஃபயர் எக்ஸ்' குழு ஹொக்லோ மொழியில் பாடிய பாடல், 2015இல் தங்க இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடலாகத் தேர்வானது. பாடலைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று: ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த மார்ச் 21 அன்று, திடீரென எழும் கூட்டங்களுக்கும் முன் அனுமதி தேவை என்ற சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தைவானின் அரசியலமைப்பு நீதிபதிகள் விளக்கமளித்தனர். கூடும் உரிமை குறித்த நெடிய வழக்கில் திடலும் தெருவும் நீதிமன்றமும் ஒரே வாரத்தில் சந்தித்துக்கொண்டன.

இதைக் கொண்டு இசை விழாக்களையெல்லாம் சுதந்திரத்தின் நாற்றங்கால் என்று போற்றுவது மிகையாகும். கூட்டத்தின் மதிப்பை அரசுகள் வெகு விரைவில் கண்டுகொண்டன. வடகிழக்கிலுள்ள கோங்லியாவ் வட்டாரத்தின் ஃபுலோங் கடற்கரையில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஹோ-ஹாய்-யான் ராக் விழா, அன்றைய தாய்பெய் மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு இலவசமாக நடத்தப்பட்டது. புயல் எச்சரிக்கையில் நாள் மாறிய ஆண்டுகளும் உண்டு. அக்கடற்கரைக்கு அருகிலேயே நான்காவது அணுமின் நிலையம் நிற்கிறது. உள்ளூர் மீனவர்கள் 1980கள் முதல் எதிர்த்த அந்நிலையத்தின் அணு உலைக் கட்டுமானம் விழாவுக்கு முந்தைய ஆண்டில் தொடங்கி, 2014இல் நிறுத்தப்பட்டு, ஒரு யூனிட் மின்சாரமும் தராமல் கிடக்கிறது; அதை மீண்டும் உயிர்ப்பிக்கும் யோசனையை 2021 டிசம்பர் பொதுவாக்கெடுப்பு நிராகரித்தது. கடலின் பெயரால் அரசு விழா எடுத்த கரையில், அந்தக் கடலுக்காகப் போராடிய ஊர்க்காரர்கள் விழாவின் சொந்தக்காரர்களாக இல்லை. இலவச நுழைவு பார்வையாளரின் செலவைக் குறைக்கிறது. மேடையில் யார் ஏறலாம், எதை உரக்கச் சொல்லலாம் என்பது பணம் தருபவரின் கையில் இருக்கிறது.

தீவின் கிழக்குக் கரையில், தாய்துங் மாவட்டத்தின் துலான் ஊரில், பாடகர் சுமிங் 2013இல் தொடங்கிய அமிஸ் இசை விழா இந்தக் கணக்கைத் திருப்பிப்போட முயல்கிறது. அமிஸ் என்போர் தைவானின் தொல்குடிகளுள் எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவினர். ஆண்பிள்ளைகளை வயதுவாரியாகக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஊர்க் கடமைகளை வகுத்துத் தரும் முறை அவர்களிடம் தொன்றுதொட்டு உள்ளது; ஆலைகளையும் கட்டட வேலைகளையும் தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததில் அது பல ஊர்களில் நலிந்துபோயிற்று. துலானில் விழா வேலைகளை அந்த வயதுக்குழுக்களே சுமக்கின்றன. தாய்பெயிலிருந்து வரும் ரசிகர்கள் அங்கே தம்முடைய வயதை ஒத்தவர்கள் மூத்தோரின் ஏவலுக்குப் பணிந்து ஓடுவதையும், அதே கையோடு மேடையேறித் தம் மொழியில் பாடுவதையும் பார்க்கிறார்கள்.