மடியில் செருகும் மடக்குக் கத்தி... வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: சாக்கு பிரிக்க, கயிறு அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட என்று தோட்டத்தில் தினமும் கத்தி தேவைப்படுகிறது. எப்போதும் மடியிலேயே வைத்துக்கொள்ளும்படி, எடை குறைவான, விலை மலிவான கத்தியை எப்படித் தேர்வு செய்வது?
- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: கத்தி எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. உர மூட்டை பிரிப்பதற்கு வீட்டுக்குப் போய் அரிவாள் எடுத்து வரலாம். கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிறு முளைக்குச்சியில் சுற்றி இறுகிவிட்டால், போய் வரும் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது. அதனால் எந்தக் கத்தி உயர்ந்தது என்பதைவிட, எந்தக் கத்தி நாள் முழுக்க இடுப்பில் உறுத்தாமல் இருக்கும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கனமான கத்தி இரண்டு நாள் மடியில் இருக்கும். மூன்றாம் நாள் வீட்டு ஆணியில் தொங்கும்.

பிளேடும் கட்டரும் வேண்டாம்

எடையும் விலையும்தான் கணக்கு என்றால், ஷேவிங் பிளேடும் நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கட்டரும்தான் மலிவானவை. பலர் சட்டைப் பையில் வைத்திருப்பதும் அவற்றைத்தான். மாடு வளர்ப்பவர்கள் இவற்றைத் தொழுவத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மாடு தீவனத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும். ஒடிந்து விழுந்த பிளேடுத் துண்டு, ஆணி, கம்பி எல்லாம் தீவனத்தோடு உள்ளே போய், வலைபோல் மடிப்புள்ள இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். அந்த வயிற்றுக்கு முன்னால் உதரவிதானம். அதற்கு அப்பால் இதயம். கூரான துண்டு வயிற்றைக் குத்திக்கொண்டு முன்னேறினால் மாடு தீவனம் எடுக்காது, பால் சட்டென்று குறையும், முதுகை வளைத்து நிற்கும். இதய உறை வரை எட்டிவிட்டால் காப்பாற்றுவது கடினம். பத்து ரூபாய் கட்டரில் மிச்சம் பிடித்து ஒரு கறவை மாட்டை இழக்க நேரலாம்.

எனவே அலகு ஒரே துண்டாக, எளிதில் ஒடியாததாக இருக்கும் மடக்குக் கத்தியே ஏற்றது.

அளவும் எடையும்

அலகு 7 முதல் 8.5 சென்டிமீட்டர் இருந்தால் தோட்டத்தின் அன்றாட வேலைகளுக்குப் போதும். கிளை வெட்டுவதற்கும் தேங்காய் உரிப்பதற்கும் வேறு கருவிகள் இருக்கின்றன. அலகின் தடிமன் 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதற்கு மேல் தடித்தால் எடை கூடும், வெட்டும் சுலபமும் குறையும். மொத்த எடை 100 கிராமைத் தாண்ட வேண்டாம். இன்றைய செல்போன்கள் பலவும் 200 கிராமை ஒட்டி இருக்கின்றன. அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்தால் உறுதியும் குறையும் என்று பயப்பட வேண்டியதில்லை. பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் தொடங்கிய ஒப்பினெல் கத்தி, உழவர்களின் சட்டைப்பைக் கத்தியாகவே பெயர் எடுத்தது. மரக் கைப்பிடி, ஓர் அலகு, ஒரு வளையம், அவ்வளவுதான். அதன் 8-ஆம் எண் கத்திக்கு 8.5 சென்டிமீட்டர் அலகு. எடை சுமார் 45 கிராம். அலகு தானாக மடங்காமல் தடுக்கும் திருகு வளையத்தை 1955-ல் சேர்த்தார்கள். அந்தக் கத்தியேதான் வேண்டும் என்பதில்லை. அதன் அமைப்பைக் கவனித்தால் போதும். ஒரு குறையும் அதில் உண்டு. ஈரம் பட்டால் மரக் கைப்பிடி ஊதி, அலகைத் திறப்பது சிரமமாகும். சேற்றிலும் தண்ணீரிலும் நிற்பவர்களுக்கு நைலான் கைப்பிடியே வசதி.

பூட்டு இல்லாத கத்தி விரலுக்கு ஆபத்து

மலிவு விலைக் கத்திகள் பலவற்றில் அலகைத் திறந்து வைப்பது வெறும் வில்லின் அழுத்தம்தான். குச்சியைக் குத்தும்போதோ, கெட்டியான குழாயில் அலகு சிக்கும்போதோ அது பின்னுக்கு மடங்கி, பிடித்திருக்கும் விரல் மேலேயே விழும். திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியாகவே வாங்குங்கள். உள்தகடு நகர்ந்து அலகைத் தாங்கும் பூட்டு, முதுகுப் பக்கம் கொக்கி விழும் பூட்டு, திருகு வளையப் பூட்டு என்று மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன. எதுவானாலும் சரி, கடையிலேயே சோதித்துவிட வேண்டும்.

கத்தியைத் திறந்து, விரல்கள் அலகின் பாதையில் வராமல் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பூட்டு நழுவினால் வாங்க வேண்டாம். அலகை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மடக்கியபின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கையுறை போட்ட கையாலும் ஈரக் கையாலும் திறந்து மடக்க முடிய வேண்டும். பட்டனை அழுத்தியதும் பாய்ந்து விரியும் கத்தி வேண்டவே வேண்டாம். மடியிலேயே விரிந்துகொண்டால் காயம். சோதனையில் அகப்பட்டால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா?

கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், பதம் நன்றாக நிற்கும். ஆனால், எலுமிச்சைச் சாறும் மாங்காய்ப் பாலும் பட்டால் கறுக்கும். ஈரத்தோடு மடக்கி வைத்தால் ஒரே இரவில் துரு ஏறும். ஸ்டெயின்லெஸ் எஃகில் குரோமியம் இருப்பதால் துரு தாமதமாகும். துருவே பிடிக்காது என்பதில்லை. முக்கியமாக, பொட்டாஷ் மூட்டை பிரித்த கத்தியைக் கழுவாமல் மடக்கினால், அந்த உப்பு எந்த எஃகையும் அரிக்கும்.

தினமும் துடைத்து எண்ணெய் போடும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கார்பன் எஃகு. மற்றவர்களுக்கு ஸ்டெயின்லெஸ். உறையில் 420 என்று போட்டிருந்தால் மென்மையான ரகம். அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் தீட்டுவது சுலபம். 440சி என்றால் கூர் நீடிக்கும். தீட்டப் பொறுமை வேண்டும். அன்றாட வேலைக்கு 420 போதும், விலையும் குறைவு.

அலகின் வடிவத்தையும் கவனியுங்கள். கால்நடை வளர்ப்பவர்களுக்கு முனை மழுங்கி, வெட்டும் வாய் நேராக உள்ள அலகு நல்லது. கழுத்தில் இறுகிய கயிற்றுக்கும் தோலுக்கும் இடையே அலகின் முதுகு தோலைத் தொடும்படி நுழைத்து, வெளிப்புறமாக இழுத்து அறுக்கலாம். மாடு துள்ளினாலும் முனை குத்தாது. நைலான் கயிறு அதிகம் அறுப்பவர்கள், அலகின் அடிப்பகுதியில் மட்டும் கருக்கரிவாள்போல் பல் வைத்த கத்தியைப் பார்க்கலாம்.

மடக்குக் கத்தி பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களின் கொல்லுப்பட்டறைகளில் லாரி ஸ்பிரிங் பட்டையில் சிறிய கத்தி அடித்துத் தரச் சொல்லி, தோல் உறை தைத்துக்கொள்ளலாம். மடங்கும் பயமே இல்லை. எடை கொஞ்சம் கூடும்.

பராமரிப்பு

கூர் மங்கிய கத்திதான் கையை அதிகம் வெட்டும்; அழுத்தம் கூடுவதால் நழுவும். வாரம் ஒருமுறை நனைத்த சாணைக்கல்லில் இருபுறமும் சம எண்ணிக்கையில் தீட்டுங்கள். கோணம் தெரியவில்லை என்றால், காகிதத்தின் செங்கோண மூலையை இரண்டு முறை பாதியாக மடித்தால் வருவது 22 டிகிரி சொச்சம். அந்தச் சாய்வு போதும். தண்ணீர் விடாமல் வேகச் சக்கரத்தில் பிடித்தால் அலகு சூடேறி நீலம் பாயும், பதம் போய்விடும். மூட்டில் மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். கைப்பிடித் துளையில் சிவப்புக் கயிறு கட்டினால், புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும். தீவனத்தோடு நறுக்கும் இயந்திரத்துக்குள் போகாது.

வெட்டுப்பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மண், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம். ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய், தடுப்பூசி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத விதிகள் ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டு, வேளாண் உபயோகத்துக்குச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. மேலே சொன்ன கத்தி இந்த அளவில் பாதிகூட வராது. ஆனாலும் நீதிமன்றம், விமான நிலையம், திருவிழாக் கூட்டம் என்று போகும்போது மடியில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்து, வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: எலுமிச்சையில் கவாத்து செய்யவும், ஒட்டுக் கட்டவும் அதே மடக்குக் கத்தியைப் பயன்படுத்தலாமா?
- வாசகர், தென்காசி மாவட்டம்.

பதில்: ஒட்டுக் கட்ட அது வேண்டாம். சாதாரணக் கத்தியின் வாய் இருபுறமும் சாய்ந்திருக்கும். சீவினால் வெட்டுப் பரப்பு குழிந்து போகும். ஒட்டுக் கத்தி ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் மட்டும் சாய்வாகவும் இருக்கும். அதில் சீவினால்தான் பரப்பு சமமாகி, ஒட்டுக்குச்சியும் வேர்ச்செடியும் இடைவெளி இல்லாமல் சேரும். அந்தக் கத்தியை வேறு வேலைக்கு எடுக்கவே கூடாது.

கவாத்தில் சுண்டுவிரல் தடிமனுக்குக் குறைந்த பச்சைக் குச்சிகளை மடக்குக் கத்தியால் வெட்டலாம். கவனிக்க வேண்டியது நோய். எலுமிச்சை வகைகளில் பட்டை உரிந்து மரம் குட்டையாகும் எக்ஸோகார்டிஸ் வைராய்டு, கத்தி மூலமாகவே மரத்துக்கு மரம் போகும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத மரத்திலும் அது இருக்கலாம். ஸ்பிரிட்டால் துடைப்பதோ தீயில் காட்டுவதோ இதற்கு நம்பகமான தீர்வு அல்ல. 1 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் வேண்டும். கடையில் வாங்கும் திரவம் 5 சதவிகிதம் என்றால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து அன்றன்றைக்குத் தயார் செய்யுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு இதைக் கலந்துவிடக் கூடாது, விஷவாயு வரும்.

ஒரு மரம் முடித்ததும் கத்தியை அதில் முக்கி எடுத்து, அடுத்த மரத்துக்குப் போங்கள். சொறி நோய் உள்ள தோட்டத்தில் இலை ஈரமாக இருக்கும்போது கவாத்து வேண்டாம். வேலை முடிந்ததும் அலகை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். இந்தக் கரைசல் எஃகை அரிக்கும். ஆனால், அரித்துப்போன கத்தியைச் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். வைராய்டு ஏறிய மரத்துக்கு மருந்து கிடையாது.